நட்புப் பேருந்தில் ஓர் இருக்கை

பேருந்து இத்தாலியின் திரியெஸ்தே நகரக் கடற்கரைச் சதுக்கத்தில் வந்து நின்று வெகுநேரம் ஆகியும் ஒருவரும் கலைந்துபோகவில்லை. வந்தவர்கள் அனைவரும் அவரவர் பெட்டியைக் காலருகே வைத்துக்கொண்டு, கடலைப் பார்ப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக நின்றார்கள். கடலையும் கடிகாரத்தையும் பார்த்து மிஞ்சிய நேரத்தில் ரூபெர்ட்டைப் பார்த்தார்கள்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்திலிருந்து நட்புச் சங்கத்தின் பேருந்தில் அவன் வருவது அதுவே முதல் முறை. சதுக்கத்துக்குப் பின்னால் இரண்டாம் தெருவில், ஒரு காப்பிக் கடையின் மூலை மேசையில் அவன் காதலி நிவெஸ் காத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்தால் அந்தச் சந்தடியில் அவனும் நழுவிவிடலாம். கூட்டமோ கட்டுத்தறியில் கட்டிய மாடுபோல் நின்றது. தான் முதலில் நகர்ந்தால், எதற்காக வந்தவன் என்பது எல்லோருக்கும் வெளிச்சமாகிவிடும்.

அவன் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. அவன் சங்கத்தின் விதிகளைப் படித்திருந்தான்.

கிராட்ஸில் சங்கம் தொடங்குவோர் விதிகளை விரிவாக எழுதுவார்கள். சேருவோர் அவற்றைப் படிக்காமல் கையெழுத்திடுவார்கள். இதுவே ஊர் வழக்கம். ரூபெர்ட் மின்தூக்கிகளைச் சோதித்து, இதில் ஏறலாம், இதில் ஏறக்கூடாது என்று சான்று வழங்குகிறவன். எழுதியிருப்பதை எழுத்துக்கு எழுத்து நம்புவது அவன் தொழில். இரு நகரத்து மக்களும் ஒருவரை ஒருவர் நேசிக்க வேண்டும் என்பதற்காக, மறைந்த காப்பி வியாபாரி டாலிங்கர் நிறுவிய அறக்கட்டளையின் செலவில், ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை இந்தப் பேருந்து போய்ச் சனி இரவு திரும்புகிறது என்று முதல் விதி சொன்னது. சங்கத்தின் நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வோருக்கு மட்டுமே இருக்கை உண்டு என்று அடுத்தது சொன்னது. சொந்தக் காரியத்துக்காகப் பயணம் செய்வோர் உடனே நீக்கப்படுவர் என்று அதற்கடுத்தது சொன்னது. அறக்கட்டளை தன் ஆய்வாளரை எப்போது வேண்டுமானாலும், யார் என்று சொல்லாமல், அனுப்பக்கூடும் என்று கடைசி விதி எச்சரித்தது. அதைப் படித்த நாள் முதல் ரூபெர்ட்டுக்குத் தூக்கம் குறைந்திருந்தது.

ஆகவே, தன்மேல் விழும் பார்வைகளை ஒரே வாக்கியத்தில் துடைத்துவிடுவது என்று முடிவு செய்தான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சங்கத்தின் தலைவி ஹெர்மினே அம்மையாரை நோக்கி ஓர் அடி முன்னே வந்தான்.

"மன்னிக்கணும். நிகழ்ச்சி எங்கே நடக்குது?"

பல் மருத்துவரான பொருளாளர் ஓட்மார் கையிலிருந்த பையை நழுவவிட்டார். அதற்குள் பூசணிவிதை எண்ணெய்ப் புட்டிகள் ஒன்றோடொன்று மோதின. பேருந்தின் படியில் உட்கார்ந்து சிகரெட் சுருட்டிக்கொண்டிருந்த ஓட்டுநர் அலோய்ஸ் தலையை நிமிர்த்தினான்.

ஹெர்மினே அம்மையார் பெண்கள் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். எதிர்பாராத கேள்விக்கு இமை கொட்டாமல் பதில் சொல்வது அவருக்குப் பழக்கம்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு, ஐயா. இடத்தைப் பொருளாளர் சொல்வார்."

ஓட்மார் தம் சிகிச்சை நாற்காலியில் தாமே நோயாளியாக உட்கார்ந்ததுபோல் வாயைத் திறந்தார். "சர்ச்சுக்குப் பின்னாடி ஒரு மண்டபம் இருக்கும்."

"இருக்குமா?" என்றார் அம்மையார்.

"இருக்கு."

ரூபெர்ட் மனநிறைவோடு தலையசைத்தான். வயதில் மூத்த அம்மையார் தன்னை ஐயா என்றழைத்தது அவர் வளர்ந்த விதத்தைக் காட்டுகிறது என்று எண்ணிக்கொண்டான். திட்டமிடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவனுடைய நெடுநாளைய கருத்து.

நிவெஸ் திரியெஸ்தே துறைமுகத்தில் வந்திறங்கும் காப்பிக்கொட்டையைச் சுவைத்துத் தரம் பிரிக்கிறவள். உறிஞ்சுவதும் துப்புவதும் தீர்ப்புச் சொல்வதும் அவள் உத்தியோகம். நாக்குக் கூர்மையாக இருந்ததில் வியப்பில்லை. காப்பிக் கண்காட்சி ஒன்றுக்காகக் கிராட்ஸுக்கு வந்திருந்தபோது, தங்கிய விடுதியின் மின்தூக்கியில் இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டாள். அவளை மீட்க வந்தவன் ரூபெர்ட். கதவைத் திறந்து முடிக்கும்வரை அவள் உள்ளிருந்தபடியே அவனையும் அவன் தொழிலையும் ஆஸ்திரிய நாட்டையும் ஓயாமல் வைதாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் குரலுக்கு அவன் மனத்தைப் பறிகொடுத்துவிட்டான்.

காதல் எளிதாக இருந்தது; பயணம்தான் எளிதாக இல்லை. ரயிலில் போனால் இரண்டு இடங்களில் மாற வேண்டும், ஒரு பகல் முழுதும் போய்விடும், சம்பளத்திலும் பெரும்பங்கு போய்விடும். அவனுடைய பழைய கார் மலைக்குடைவுப் பாதை ஒன்றில் உயிரை விட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வதை நிவெஸ் காதல் என்று ஒப்புக்கொள்ளவில்லை. பல் மருத்துவரிடம்கூட இதைவிட அடிக்கடி போகிறேன் என்றாள். அந்த நிலையில்தான் நட்புச் சங்கத்தின் அறிவிப்பு அவன் கண்ணில் பட்டது. கட்டணம், ஒரு கிண்ணம் சூப்பின் விலை. அந்த இருக்கை இருக்கும்வரை நிவெஸ் இருப்பாள். இருக்கை போனால் அவளும் போய்விடுவாள். இதில் அவனுக்கு ஐயம் இல்லை.

அன்று மாலை யாரும் விடுதியை விட்டு நகரவில்லை; ரூபெர்ட்டும் மறுநாள் வருவதாக நிவெஸிடம் தொலைபேசியில் சொன்னதோடு சரி. மறுநாள் பத்து மணிக்குச் சர்ச்சுக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு மண்டபம் இருந்தது. நாற்காலிகளின்மேல் விரல் கனத்துக்குத் தூசி. ஓட்மார் மேடையேறி, காப்பிக்கரண்டியின் வரலாறு என்ற பொருளில் உரையாற்றினார். வரலாறு சிறிது நேரத்தில் தீர்ந்துபோனது. பிறகு அவர் கரண்டியிலிருந்து வாய்க்கும் வாயிலிருந்து கடைவாய்ப் பல்லுக்கும் வந்து, அங்கேயே தங்கிவிட்டார். அறிஞர்களுக்கே உரிய கூச்சம் என்று ரூபெர்ட் கருதினான்.

உரை முடிந்ததும் எல்லோரும் பெட்டியைத் தூக்கினார்கள். உடனே எழுந்தால் அவசரம் தெரிந்துவிடும் என்று அஞ்சிய ரூபெர்ட், ஆர்வம் காட்டும்பொருட்டு மூன்று கேள்விகள் கேட்டான். பெட்டிகள் மறுபடியும் தரையில் இறங்கின. கேள்விகளுக்கு ஓட்மாரிடம் பதில் இல்லை. அதனால், பதில்களைக் களத்திலேயே தேடலாம் என்று கூறி, மாலைவரை நீளும் நகர உலா ஒன்றை ஹெர்மினே அம்மையார் அந்த இடத்திலேயே அறிவித்தார். சொல்லும்போது அவர் கண் ரூபெர்ட்டின் மேலேயே இருந்தது.

அவன் நிவெஸைப் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பார்க்க வந்தியா, கரண்டியைப் பார்க்க வந்தியா?"

முதல் முறை என்பதால் சற்று அடக்கமாக நடந்துகொள்ள நேர்ந்தது, அடுத்த முறை எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் உறுதி சொன்னான். அந்த உறுதியை அவன் முழுமனத்தோடு நம்பினான்.

திரும்பும் வழியில் ஓட்மார் அவன் பக்கத்தில் வந்து அமர்ந்து, என்ன உத்தியோகம் என்று மெல்ல விசாரித்தார். அப்போது ரூபெர்ட், பழக்க தோஷத்தால், இருக்கைக்கு அடியில் இருந்த தீயணைப்பானைத் தூக்கி, அதன் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லிஃப்ட் பார்க்கிற வேலை."

ஓட்மார் தீயணைப்பானையும் அவன் சாம்பல்நிறக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியே வெச்சுக்கலாம், ஐயா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், தலைவியின் காதருகே குனிந்தார். ஆய்வாளர் இந்தப் பல் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்று ரூபெர்ட் அன்றே முடிவு கட்டினான்.

அடுத்த பயணத்துக்கு அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. சனிக்கிழமை முழுதும் விடுதலை வேண்டுமானால், சங்கத்தின் பசியை வெள்ளிக்கிழமை மாலையிலேயே தீர்த்துவிட வேண்டும். பேருந்து புறப்பட்டதும் எழுந்து நின்று, சங்கத்துக்குப் பாடற்குழு ஒன்று இருந்தால் அது இரு நகரங்களின் உள்ளங்களையும் இணைக்கும் என்றும், வெள்ளி மாலையில் ஒருமுறை பாடிவிட்டால் போதும் என்றும் சொன்னான்.

எங்கும் உள்ள நியதிதான். கிராட்ஸின் சங்கங்களில் அது சட்டத்தைவிட வலியது. யோசனை சொன்னவன் தலையில்தான் அதைச் சுமத்துவார்கள். ரூபெர்ட் உட்காருவதற்குள் கைகள் உயர்ந்தன. அவன் ஏகமனதாகக் குழுவின் நடத்துநர் ஆனான். கைகளை உயர்த்தியவர்களின் முகம் இழவு வீட்டு முகமாக இருந்தது. உள்ளம் நெகிழ்ந்துவிட்டார்கள் என்று அவன் எண்ணினான். வெள்ளி மாலை ஒத்திகை, சனிக்கிழமை அரங்கேற்றம், இடைப்பட்ட புதன்கிழமைகளில் கிராட்ஸில் மேலும் ஓர் ஒத்திகை என்று தலைவி ஒழுங்கு செய்தார். விதிப்படி எல்லாம் நடக்கிறது என்று அறக்கட்டளைக்குத் தெரிய வேண்டும் அல்லவா என்று அவனிடம் அழுத்திக் கேட்டார். அது தனக்கு விடுத்த எச்சரிக்கை என்று புரிந்துகொண்ட ரூபெர்ட், நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று இன்னும் அழுத்தமாகப் பதில் சொன்னான். அம்மையாரின் முகம் வெளுத்தது.

அவனுக்கு இசை தெரியாது. குழுவில் யாருக்கும் தெரியாது. மலை மேய்ச்சல் நிலத்தில் பசுவைத் தொலைத்த இடையனின் பாட்டு ஒன்றைத் தேர்ந்தார்கள். ஒவ்வொரு முறை பாடும்போதும் பசு இன்னும் தொலைவுக்குப் போனது. சங்கத்தின் பழம்பெரும் பாட்டுப் புத்தகம் என்று கொண்டுவந்து கொடுத்ததில் அச்சு மை விரலில் ஒட்டியது. தொன்றுதொட்டு வரும் கொடி என்று மேடையில் விரித்ததில் கடையில் மடித்த மடிப்புக் கலையவில்லை. தேய்மானத்தைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இவை கண்ணில் படாமல் இல்லை. பொருள்களை எவ்வளவு பேணிப் பாதுகாக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டான்.

அரங்கேற்றத்துக்குச் சர்ச்சின் பாதிரியாரும், பாவமன்னிப்புக்காகக் காத்திருந்த இரண்டு பெண்களும், மழைக்கு ஒதுங்கிய ஒரு நாயும் வந்திருந்தார்கள். பாட்டின் நடுவே குழுவினர் ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்க வெளியே போனார்கள். போனவர்கள் நெடுநேரம் தண்ணீர் குடித்தார்கள். கடைசியில் பாதிரியாரும் தண்ணீர் குடிக்கப் போனார்.

நிவெஸிடம் இம்முறை அவன் வைத்தது உறுதிமொழி அன்று, திட்டம். அவளே அரங்கத்துக்கு வந்துவிட்டால் என்ன? திரியெஸ்தேக்காரி ஒருத்தி நட்புச் சங்கத்தின் நிகழ்ச்சிக்கு வருவதில் யாருக்கு என்ன ஐயம் வரும்? ஒரே கூரையின்கீழ் இருக்கலாம், இடைவேளையில் பேசலாம், விதியும் பிழைக்கும், காதலும் பிழைக்கும்.

"மாடு தொலைஞ்ச பாட்டை நான் கேக்கணும், அதான் திட்டமா?" என்றாள் நிவெஸ். ஆனாலும் அடுத்த முறை வந்தாள்.

நாய்க்குப் பிறகு தானாக வந்த முதல் பார்வையாளர் அவளே. ஹெர்மினே அம்மையார் அவள் இரு கைகளையும் பற்றிக் குலுக்கி, திரியெஸ்தே மக்களின் பிரதிநிதியாக அவளை மேடைக்கு அழைத்துப்போய், பாதிரியாருக்கும் கொடிக்கும் இடையே அமர்த்தினார். பாடற்குழு மேடைக்கு எதிரே, தரையில் நின்றது. குழுவைப் பார்த்து நின்று நடத்த வேண்டியிருந்ததால், ரூபெர்ட்டின் முதுகு மேடைப் பக்கம் இருந்தது. மாலை முழுதும் இருவரும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தார்கள். ஒருமுறைகூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முடிவில் பிரதிநிதி நன்றியுரை வேறு ஆற்ற வேண்டியிருந்தது.

பேருந்தில் ஏறுமுன் அவளோடு பேச அவனுக்குச் சில நிமிடங்களே கிடைத்தன.

"உன் கோட்டுக்கு முதுகுல தையல் விட்டிருக்கு. ரெண்டு மணி நேரம் அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவன் சிரிக்க முயன்றான். அவள் சிரிக்கவில்லை. ஜெனோவா துறைமுகத்தில் உயர்ந்த பதவி ஒன்று தருகிறார்கள், அடுத்த பயணத்துக்குப் பிந்திய திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் சொன்னாள். ஜெனோவா இத்தாலியின் மறுகோடியில் இருக்கிறது. அங்கே எந்தக் காப்பி வியாபாரியும் பேருந்து விட்டுப் போகவில்லை.

அவளுடைய தந்தை மிர்கோவுக்குத் திரியெஸ்தேயின் மேலே, கார்ஸ்ட் மேட்டில், ஒரு கிராமத்தில் திராட்சைத் தோட்டம் இருந்தது. அந்த மேட்டுக் குடியானவர்கள் ஆண்டில் சில நாள் மட்டும் வாசலில் பச்சைப் படர்கொடிக் கிளையைத் தொங்கவிட்டு, சொந்த மதுவையும் பன்றித் தொடைக்கறியையும் வேகவைத்த முட்டையையும் முற்றத்தில் வைத்து விற்பார்கள். அதற்கு ஓஸ்மிட்சா என்று பெயர். அடுத்த பயணத்துச் சனிக்கிழமை நண்பகலில், சுற்றுவட்டாரத்தில் மிர்கோவின் ஓஸ்மிட்சா ஒன்றே திறக்கிறது. முதல் கோப்பையை வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் ஊற்ற வேண்டும். மிர்கோவுக்கு மகன் இல்லை.

"அந்தப் பையன் வந்து ஊத்தட்டும், ஊரே பாக்கட்டும்னு அப்பா சொல்லிட்டார்" என்றாள் நிவெஸ். "நீ ஊத்தினா ஜெனோவாவுக்கு வரலைன்னு எழுதிடறேன். வரலைன்னா, நீ நிஜமாவே இருக்கியான்னு எனக்கும் சந்தேகம் வந்துடும். அப்பாவுக்கு ஏற்கெனவே வந்துடுச்சு."

ரூபெர்ட் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வருகிறேன் என்றான். அந்தச் சனிக்கிழமைக்கு அவனே முன்மொழிந்த ஒரு மாபெரும் நட்பு விழா ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது என்பது பேருந்தில் ஏறிய பின்னரே அவன் நினைவுக்கு வந்தது.

விழாவை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கச் செய்வது கடினமன்று என்று அவன் நம்பினான். புதன்கிழமை ஒத்திகையில் தலைவியைத் தனியே அழைத்து, தயாரிப்புப் போதாது, அவசரப்பட வேண்டாம், தள்ளி வைப்போம் என்று பணிவோடு கூறினான். தயாரிப்புப் போதாது என்ற சொல்லைக் கேட்டதும் அம்மையார் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார். அதற்குப் பிந்திய நாள்களில் குழுவினர் நாள்தோறும் கூடினார்கள். விழாவில் ஊர்வலம் சேர்ந்தது. இரு நகரங்களையும் இரு பெண்களாகக் காட்டும் நாடகம் சேர்ந்தது. ரூபெர்ட்டின் தலைமையுரை சேர்ந்தது. காலையில் முடிய வேண்டிய விழா இருட்டும்வரை நீண்டது. ஓட்மாருக்குப் பெண் வேடம் கொடுத்தார்கள்.

"கொடியும் நீங்கதான் பிடிக்கணும், ஐயா" என்றார் அம்மையார். "குறைன்னு யாரும் சொல்லிடக்கூடாது."

சனிக்கிழமை வந்தது. நண்பகல் நெருங்கியது. மண்டபத்தில் ரூபெர்ட் ஒரு கையில் கொடியும் மறுகையில் நடத்துகோலுமாக நின்றான். இடையன் பசுவைத் தேடிக்கொண்டிருந்தான். எதிரே நின்ற முகங்களில் ஒன்றிலாவது நட்பின் சாயல் இருக்கிறதா என்று அவன் தேடினான். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்மார் தம் பெண் வேடத்தின் மணிக்கட்டில்.

அந்த நொடியில் ரூபெர்ட்டின் மனம் தெளிந்தது. அறுந்துபோகும் கம்பி எது, தாங்கும் கம்பி எது என்று அவனுக்குத் தெரியும். இருக்கை போனால் போகட்டும். சூப்பை மட்டும் குடித்து வாழ்ந்தாவது ரயிலில் வருவேன் என்று தீர்மானித்தான். இடையன் அடுத்த வரிக்கு மூச்சு வாங்கியபோது, கொடியைச் சுவரில் சாய்த்து, "இடைவேளை" என்று ஒரே சொல்லில் அறிவித்துவிட்டு, பின்கதவால் வெளியே நடந்தான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்பதற்கு அவன் நிற்கவும் இல்லை.

மலையேறும் நகரப் பேருந்து அன்று எல்லா நிறுத்தங்களிலும் நின்றது. நிறுத்தம் இல்லாத இடங்களிலும் நின்றது. கிராமத்தில் இறங்கி, பச்சைக் கிளை தொங்கிய வாசலைத் தேடி அவன் ஓட்டமும் நடையுமாகச் சந்தில் திரும்பினான். திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

மிர்கோவின் மதிலோரமாக நட்புச் சங்கத்தின் பேருந்து நின்றுகொண்டிருந்தது.

பின்தொடர்ந்து வந்துவிட்டார்கள். இல்லை, முந்திக்கொண்டே வந்துவிட்டார்கள். நிவெஸைப் பற்றி ஓட்மார் துப்பறிந்திருக்க வேண்டும். பொருளாளர் வேடம், பல் மருத்துவர் வேடம், இன்று பெண் வேடம். எவ்வளவு தேர்ந்த ஆய்வாளர் என்று ரூபெர்ட் ஒரு கணம் வியந்தான். பிறகு கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து, முற்றத்துக்குள் நுழைந்தான். வந்தது வரட்டும், முதுகைக் காட்டியது போதும்.

முற்றத்து மல்பெரி மரத்தடியில் நீண்ட பெஞ்சுகள் போடப்பட்டிருந்தன. சங்கத்தார் அனைவரும் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் திரியெஸ்தேக்காரர் ஒருவர் இருந்தார். ஹெர்மினே அம்மையார் வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவரின் மீசையில் ஒட்டிய முட்டைத் துணுக்கைத் தம் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். ஓட்மார் வேடத்தைக் கலைக்காமலே, தோள் அகன்ற மீன்காரி ஒருத்திக்கு முன்னால் பூசணிவிதை எண்ணெய்ப் புட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் அவர் தலையில் இருந்த பொய்முடியைத் தன் கையால் திருத்திவிட்டாள். இடைவேளையில்கூட இவர்கள் இரு நகர நட்பை வளர்க்கிறார்களே என்று ரூபெர்ட்டின் நெஞ்சு குறுகியது. இத்தனை உண்மையான மனிதர்களுக்கு நடுவே ஒரே போலி தான்தான்.

சமையலறை வாசலில் நிவெஸ் நின்றாள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. அவன் அறிந்து அது முதல் முறை. மிர்கோ கறுஞ்சிவப்பு மது நிறைந்த குடுவையோடு முற்றத்தின் நடுவில் நின்று, அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நீ இருக்கே" என்று சொல்லிக் குடுவையை அவன் கையில் கொடுத்தார்.

முதல் கோப்பை. அவன் நேராக முதல் பெஞ்சுக்குப் போனான். கோப்பையைக் கையில் பிடித்தபடி ஹெர்மினே அம்மையார், வகுப்பில் பிடிபட்ட மாணவியைப்போல் எழுந்து நின்றார். ரூபெர்ட் ஊற்றத் தொடங்கினான், ஊற்றிக்கொண்டே பேசினான்.

"அம்மா, உங்களையெல்லாம் நான் ஏமாத்திட்டேன். நட்பை வளர்க்க நான் ஒரு நாளும் வரல. அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இந்த வீட்டுப் பொண்ணைப் பாக்கத்தான் வந்தேன், ஒவ்வொரு தடவையும். வேற வழியில வர எனக்கு வசதி இல்ல. விதிப்படி என்னை நீக்கிடுங்க."

கோப்பை நிரம்பி வழிந்து அம்மையாரின் கைமேல் ஓடியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஒரு பெட்டைக்கோழி பெஞ்சுக்கடியில் முட்டை ஓட்டைக் கொத்திக்கொண்டிருந்தது.

"அப்போ," என்றார் அம்மையார், சொல் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, "அறக்கட்டளை உங்களை அனுப்பலையா?"

"என்னையா? ஆய்வாளர் ஓட்மார்னு இல்ல நான் நினைச்சேன்?"

"வண்டியில தீயணைப்பானைத் தூக்கித் தேதி பாத்தீங்களே?"

"பழக்கம், அம்மா. லிஃப்ட்ல பாப்போம்."

ஹெர்மினே அம்மையார் மெல்ல உட்கார்ந்து, வழிந்தது போக மீதி இருந்ததை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வழுக்கைத் தலைப் பெரியவரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். ஓட்மார் பொய்முடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று மீன்காரிக்கும் தெரியவில்லை, முதுகைத் தடவிக்கொடுத்தாள். ரூபெர்ட் கையில் குடுவையோடு, எதுவும் விளங்காமல், ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

கடைசிப் பெஞ்சில், இந்த ஊர் மனைவிக்கும் மாமியாருக்கும் நடுவே உட்கார்ந்திருந்த ஓட்டுநர் அலோய்ஸ், தன் முட்டையை நிதானமாக உரித்து, உப்பைத் தொட்டுக்கொண்டான்.

"முப்பது வருஷமா இந்த வண்டியை ஓட்டறேன், தம்பி. வந்து இறங்கினதும் நிகழ்ச்சி எங்கே நடக்குதுன்னு கேட்ட முதல் ஆள் நீதான்."